அச்சில் வராத கோடுகள்: லேயர்களின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

வரைபடத்தின் அரசியல் என்று பேச்செடுத்தால் ஜே. பி. ஹார்லியில்தான் தொடங்குகிறோம். 1988, 1989 ஆண்டுகளில் அவர் எழுதிய கட்டுரைகள், ஒரு வரைபடம் எதைக் காட்டுகிறது என்பதோடு எதைக் காட்டாமல் விடுகிறது என்றும் கேட்கக் கற்றுக்கொடுத்தன. அதை வரைபடத்தின் மௌனம் என்றார். அந்தக் கட்டுரைகளின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கோடு போட்டே பிழைப்பு நடத்தியவன் என்கிற முறையில் ஒரு மனத்தாங்கலும் உண்டு. ஹார்லி கண் முன்னே வைத்துக்கொண்டது காகிதத்தை. காகிதத்தில் வரையாதது இல்லை, அவ்வளவுதான். கம்ப்யூட்டரில் வரைகிற படம் அப்படி அல்ல. அங்கே வரைந்தது வரைந்தபடியே கோப்புக்குள் கிடக்கும். வரைகிறவன் கண்ணுக்குத் திரையில் தெரியவும் செய்யும். உங்கள் கைக்கு வருகிற தாளில் மட்டும் இருக்காது. இதை மௌனம் என்று சொன்னால், பேசிக்கொண்டிருந்த ஒருவரின் வாயைப் பொத்தியதையும் மௌனம் என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்தக் காரியத்தைச் சாத்தியமாக்குகிற ஏற்பாட்டுக்கு லேயர் என்று பெயர். தொழிலுக்கு வெளியே இருக்கும் நண்பர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு வீட்டின் தளப்படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுவர் ஒரு லேயர், கதவு ஒரு லேயர், மின்சார ஒயர் போகிற வழி ஒரு லேயர், கழிவுநீர்க் குழாய் ஒரு லேயர், அளவு எழுதியது ஒரு லேயர். எல்லாம் கண்ணாடித் தாள்கள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று. வேண்டியதை எரியவிடலாம், வேண்டாததை அணைக்கலாம். எலெக்ட்ரீஷியனுக்குப் போகிற படத்தில் குழாய் இருக்காது, பிளம்பருக்குப் போகிற படத்தில் ஒயர் இருக்காது. இதில் என்ன அய்யா அரசியல் என்று கேட்பீர்கள். நானும் ரொம்ப காலம் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுக்கு, படலம் என்றெல்லாம் தமிழில் சொல்லிப் பார்த்தாயிற்று. படலம் என்றால் கம்பராமாயணம் படித்தவர்களுக்கு வேறு ஞாபகம் வரும். வேலை செய்கிற இடத்தில் யாரும் லேயர் என்பதைத் தவிர வேறு சொல் சொல்லிக் கேட்டதில்லை. இந்தக் கட்டுரையிலும் அப்படியே இருக்கட்டும்.

2

1986-இல் ஐ.டி.ஐ.யில் சிவில் டிராஃப்ட்ஸ்மேன் படிப்பில் சேர்ந்தேன். இரண்டு வருஷப் படிப்பு. அங்கே கற்றுக்கொண்டதில் இன்றைக்கும் கையில் நிற்பது பிளேடால் சுரண்டுகிற வித்தைதான். டிரேசிங் தாளில் மைக்கோடு தப்பாகிவிட்டால் ரப்பர் உதவாது. சவரப் பிளேடை ஒடித்து, தாள் கிழியாமல், மையை மட்டும் சுரண்டி எடுக்க வேண்டும். எவ்வளவு நேர்த்தியாகச் சுரண்டினாலும் அந்த இடம் சொரசொரப்பாகிவிடும். விளக்குக்கு நேரே பிடித்தால் தெரியும். மேலே மறுபடி கோடு போட்டால் மை பரவும். அதாவது, அழித்ததற்கு ஒரு தழும்பு இருந்தது. யாரோ இங்கே ஒன்றை எடுத்திருக்கிறார்கள் என்று தாளே காட்டிக்கொடுக்கும். இந்தத் தழும்பை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வரலாற்றில் முதலில் தொலைந்துபோனது அதுதான்.

ஒளி ஊடுருவும் தாளில் நகலெடுப்பது ஒரு தனி வேலை. பொதுப்பணித் துறையில் டிரேசர் என்றே ஒரு பதவி இருந்தது, டிராஃப்ட்ஸ்மேனுக்குக் கீழே. ஸ்காட்லாந்தில் கிளைட் நதிக்கரைக் கப்பல் தளங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே இந்த வேலைக்குப் பெண்களை அமர்த்தினார்கள். வடிவமைப்பது ஆண், நகலெடுப்பது பெண். அவர்கள் கையால் போன கோடுகளை வைத்துத்தான் கப்பல் கட்டினார்கள். வரைபடத்தில் கையெழுத்து அவர்களுடையது இல்லை.

ஒரு தாளின்மேல் இன்னொரு தாளை வைத்துச் செய்தி சொல்வது இதைவிடப் பழையது. 1781-இல் யார்க்டவுன் முற்றுகையைப் பதிவுசெய்த பிரெஞ்சு அதிகாரி லூயி-அலெக்ஸாந்த்ர் பெர்த்தியே, தன் வரைபடத்தின்மேல் மடித்துத் திறக்கிற மேல்தாள்களை ஒட்டித் துருப்புகள் நகர்ந்ததைக் காட்டினார். ‘லேயர் என்பது போரில் பிறந்த வடிவம்’ என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட எனக்கும் ஆசைதான். நம் பத்திரிகைகளில் அந்த மாதிரித் தீர்ப்புகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் 1912-இல் மாசசூசெட்ஸின் பில்லெரிக்கா ஊருக்குத் திட்டம் போட்ட வாரன் மேனிங் என்கிற நிலத்தோற்றக் கலைஞரும் தாள்மேல் தாள் வைத்துத்தான் மண், தாவரம், ரோடு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தார். வடிவம் பொது. யார் கையில் எதற்கு என்பதில்தான் பிரச்சினை.

அந்த வடிவம் ஒரு தொழில்முறையாக இறுகியது 1970-களில், அமெரிக்கக் கட்டடக்கலை அலுவலகங்களில். பின்-பார் முறை என்பார்கள். தாளுக்குப் பதில் பாலியெஸ்டர் ஃபிலிம், டூபான்ட் கம்பெனி மைலார் என்ற பெயரில் விற்றது. வெயிலுக்கும் ஈரத்துக்கும் காகிதம் மாதிரி சுருங்காது, விரியாது. மேல் விளிம்பில் வரிசையாகத் துளைகள். மேஜையில் உலோகப் பட்டையில் அதே இடைவெளியில் முளைகள். துளையை முளையில் மாட்டினால் எத்தனை ஃபிலிம் அடுக்கினாலும் மயிரிழை பிசகாமல் பொருந்தும். கட்டடக் கலைஞர் அடித்தாளில் சுவர், தூண் வரைந்து கொடுப்பார். மின்சாரக்காரர், குழாய்க்காரர், ஏ.சி.க்காரர் எல்லாரும் அதன்மேல் தத்தம் ஃபிலிமை மாட்டித் தங்கள் பங்கை மட்டும் வரைவார்கள். அதற்கு முன்னால் ஒவ்வொருவரும் அதே சுவரைத் திரும்பத் திரும்ப நகலெடுக்க வேண்டியிருந்தது. நகலெடுத்தவர்களுக்குக் கூலி கொடுக்க வேண்டியிருந்தது. பின்-பார் வந்ததும் அந்தக் கூலி மிச்சம்.

இங்கே இரண்டு விஷயங்கள் நடந்துவிட்டன. ஒன்று, உழைப்புப் பிரிவினை தாளின் அமைப்பாகவே மாறியது. ஒரு கூட்டு வேலையில் யார் யாருக்கு எந்தத் தாள் என்பதே ஒழுங்கு. இன்னொன்று, எல்லாத் தாளுக்கும் சமமான அந்தஸ்து இல்லை. அடித்தாள் என்று ஒன்று இருக்கிறது. அதில் இருப்பது ‘இடம்’. மேல்தாளில் இருப்பதெல்லாம் இடத்துக்குச் செய்கிற சேவை. அடித்தாளை வரைகிறவர் எதை இடத்தின் பகுதியாக ஒத்துக்கொள்கிறாரோ அதுதான் மற்றவர்களுக்கும் இடம்.

3

மெக்ஹார்கைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் அவர் நம் ஆள். சூழலியல் பேசுகிற எல்லாரும் அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம். இயன் மெக்ஹார்கின் ‘டிசைன் வித் நேச்சர்’ 1969-இல் வந்தது. நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் ரிச்மண்ட் பார்க்வே என்கிற சாலையை எந்த வழியாகக் கொண்டுபோவது என்று அதில் ஓர் ஆய்வு. அதுவரை சாலைப் பொறியாளர்கள் செலவையும் தூரத்தையும்தான் கணக்குப் பார்த்தார்கள். மெக்ஹார்க் சொன்னார்: காட்டுக்கு ஒரு மதிப்பு உண்டு, நீருக்கு உண்டு, விலங்குகளுக்கு உண்டு, பழைய கட்டடங்களுக்கு உண்டு. ஒவ்வொரு மதிப்பையும் தனித்தனி ஒளி ஊடுருவும் தாளில் வரை. மதிப்பு கூடிய இடத்தைக் கருமையாக்கு, குறைந்த இடத்தை வெளுப்பாக விடு. எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடி. எங்கே வெளுப்பாகத் தெரிகிறதோ அங்கே ரோடு போகட்டும்.

அழகான யோசனை. முதல்முறை படித்தபோது புல்லரித்தது. கம்ப்யூட்டர் இல்லாமல் ஒரு காட்டுக்கு ஓட்டுரிமை கொடுத்துவிட்டார் மனுஷன் என்று தோன்றியது. இரண்டாம்முறை படித்தபோதுதான் தாள்களின் பட்டியலைக் கவனித்தேன். அதில் நில விலையும் ஒரு தாள். விலை கூடிய நிலம் கருமை, விலை மலிந்த நிலம் வெளுப்பு. குடியிருப்புக்கும் ஒரு தாள் உண்டு, அதிலும் தரம் பிரித்தல் உண்டு. அப்படியானால் வெளிச்சம் எந்தப் பக்கமாகக் கசியும்? மலிந்த நிலத்தின் பக்கமாக. அங்கே யார் குடியிருப்பார்கள் என்று இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மெக்ஹார்க் ஏழைகளுக்கு எதிரி அல்ல. தாள்களை அவர் எண்ணி அடுக்கிய விதத்தில் அது நடந்துவிடுகிறது. எந்தத் தாள்கள் இருக்க வேண்டும் என்கிற கேள்வி, தாள்களை அடுக்குவதற்கு முன்பே முடிந்துபோகிற கேள்வி. விளக்கைப் போட்டுப் பார்க்கும்போது அது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

4

இனி கம்ப்யூட்டர். 1963-இல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லாண்ட் ‘ஸ்கெட்ச்பேட்’ என்கிற நிரலை முனைவர் பட்டத்துக்காக எழுதினார். ஒளிப்பேனாவால் திரையில் கோடு போடலாம் என்று காட்டியது அதுதான். அதில் அவருக்கு முக்கியம் லேயர் அல்ல. ஒரு மூலப்படமும் அதன் பிரதிகளும் எப்படிக் கட்டுப்பட்டிருக்கும் என்பதே. பிரதி, மூலம் என்று பேசுகிற நம் நண்பர்கள் யாராவது அதை ஒரு தனிக் கட்டுரையாக எழுதலாம். நான் தாண்டிப் போகிறேன்.

1982-இல் கலிஃபோர்னியாவில் ஜான் வாக்கரும் நண்பர்களும் ஆட்டோடெஸ்க் கம்பெனியைத் தொடங்கி, அந்த வருஷக் கடைசியில் ஆட்டோகேட் நிரலை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அதுவரை பெரிய கம்பெனிகளின் பெரிய இயந்திரங்களில் மட்டும் நடந்த காரியம் மேஜைக் கம்ப்யூட்டருக்கு இறங்கியது. பின்-பார் ஃபிலிம்தான் அங்கே லேயர் ஆனது. முதல் பதிப்பில் லேயருக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும். பெயர் பிறகு வந்தது. அந்த எண் காலத்தின் மிச்சமாக இன்றைக்கும் ஒரு லேயர் எல்லாக் கோப்பிலும் இருக்கிறது: பூஜ்யம். அதை அழிக்க முடியாது, பெயர் மாற்ற முடியாது. பூஜ்யத்தில் வரைந்த ஒரு பொருளைத் தொகுப்பாக்கி வேறொரு லேயரில் கொண்டுபோய் வைத்தால் அந்த லேயரின் நிறத்தையே எடுத்துக்கொள்ளும். சொந்த நிறம் இல்லாத நடுநிலை. நமக்குத் தெரிந்த சில அறிவுஜீவிகள் ஞாபகத்துக்கு வருகிறார்கள்.

எங்கள் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் 1993-இல் வந்தது. ஒரு மூலையைக் கண்ணாடியால் அடைத்து ஏ.சி. போட்டு, செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். டிராயிங் ஹாலில் பன்னிரண்டு பேர் இருந்தோம். கண்ணாடி அறைக்குள் மூன்று பேரைத்தான் கூப்பிட்டார்கள். நான் மூன்றில் ஒருவன். மற்ற ஒன்பது பேரில் கடைசி ஆள் 1996-இல் போனார். அவர்தான் எனக்குப் பிளேடு பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர்.

அன்றைய இயந்திரத்துக்கு வேகம் போதாது. பெரிய படத்தில் ‘ரீஜென்’ என்று அடித்துவிட்டு, அதாவது எல்லாக் கோட்டையும் மறுபடி கணக்கிடச் சொல்லிவிட்டு, டீ குடித்துவிட்டு வரலாம். அதனால்தான் லேயரை மறைக்க இரண்டு வழி வைத்திருந்தார்கள். அணைப்பது ஒன்று, உறைய வைப்பது இன்னொன்று. அணைத்த லேயர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இயந்திரம் அதைக் கணக்கில் வைத்திருக்கும். ‘எல்லாவற்றையும் அழி’ என்று உத்தரவு கொடுத்தால் கண்ணுக்குத் தெரியாத அதுவும் சேர்ந்து அழியும். நிறைய பேர் இப்படி வேலையைத் தொலைத்து அழுதிருக்கிறார்கள். உறைய வைத்த லேயர் அப்படி அல்ல. இயந்திரம் அதைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாது. அழிக்கவும் அழிக்காது. நீங்கள் எந்த லேயரில் நின்று வரைந்துகொண்டிருக்கிறீர்களோ அதை மட்டும் உறைய வைக்க முடியாது. இதைச் சொல்லிக்கொடுத்தபோது எங்கள் பயிற்சியாளர், “நிக்கிற கிளைய வெட்ட உடாது சார்” என்று சிரித்தார்.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு. அது புத்தகத்தில் மறைக்கும் வழியாகச் சொல்லப்பட்டதல்ல. அளவுக் கோடு போடும்போதெல்லாம் ஆட்டோகேட் தானாக ஒரு லேயரை உண்டாக்கும். டெஃப்பாயிண்ட்ஸ் என்று பெயர். எங்கிருந்து எங்கே அளந்தோம் என்கிற புள்ளிகளை அதில் வைத்துக்கொள்ளும். அந்தப் புள்ளிகள் வரைகிறவனுக்குத் திரையில் தெரிய வேண்டும், அச்சில் வந்தால் அசிங்கம். ஆகவே டெஃப்பாயிண்ட்ஸில் இருப்பது எதுவும் தாளில் விழாது. லேயருக்கு லேயர் ‘அச்சிடாதே’ என்று சொல்லும் வசதி 1999-இல் வெளியான ஆட்டோகேட் 2000-இல்தான் வந்தது. அதுவரை, கண்ணில் தெரிய வேண்டும் ஆனால் பேப்பரில் வரக்கூடாது என்றால் டிராஃப்ட்ஸ்மேன்கள் டெஃப்பாயிண்ட்ஸில் தூக்கிப் போட்டுவிடுவோம். தொழில் ரகசியம் மாதிரி ஒருத்தர் இன்னொருத்தருக்குச் சொல்லிக்கொடுப்பது. கிறுக்கல், குறிப்பு, உதவிக்கோடு எல்லாம் அங்கே கிடக்கும்.

5

பெயர் வைக்கும் சுதந்திரம் வந்ததும் ரகளைதான். ஒவ்வொரு அலுவலகமும் தன் இஷ்டத்துக்குப் பெயர் வைத்தது. எனக்கு வந்த கோப்புகளில் ‘புதுசு ஒன்று’, ‘பாஸ் சொன்னது’ என்றெல்லாம் லேயர்களைப் பார்த்திருக்கிறேன். இதனால் 1990-இல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர்கள் கழகம் லேயர் பெயர்களுக்கு வழிகாட்டி வெளியிட்டது. 1998-இல் ஐ.எஸ்.ஓ. 13567 என்ற சர்வதேசத் தரம். வேலை செய்கிறவனுக்கு இவை நிஜமான ஒத்தாசை, அதை மறுத்தால் நன்றிகெட்டவன் ஆவேன். முன்பின் தெரியாத ஒருவருடைய கோப்பைத் திறந்து, ‘ஏ-வால்’ என்றால் கட்டடக்கலைச் சுவர், ‘எஸ்-’ என்று தொடங்கினால் கட்டமைப்பு, ‘ஈ-’ என்றால் மின்சாரம் என்று உடனே பிடித்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்த முதல் எழுத்துக்கு அமெரிக்க வழிகாட்டி வைத்திருக்கும் பெயரைப் பாருங்கள்: டிசிப்ளின். துறை என்றும் பெயர்க்கலாம், ஒழுங்கு என்றும் பெயர்க்கலாம். ஃபூக்கோவைப் படித்தவர்கள் இந்த இடத்தில் புன்னகைத்துக்கொள்வார்கள். ஐ.எஸ்.ஓ. இன்னும் வெளிப்படை. லேயர் பெயரின் முதல் இரண்டு எழுத்து ‘பொறுப்பாளர்’, அப்புறம் ஆறு எழுத்தில்தான் அது என்ன பொருள் என்பது. ஒரு சுவர் முதலில் சுவர் அல்ல, முதலில் அது இன்னாருடையது. யாருடைய பொறுப்பிலும் வராத ஒன்றுக்கு அந்தப் பெயர்முறைக்குள் நுழைய வழியே கிடையாது. அமெரிக்க வழிகாட்டியின் பின்னைய பதிப்புகளில் நிலை என்று ஓர் எழுத்து வருகிறது: புதியதா, ஏற்கெனவே இருப்பதா, தற்காலிகமா, இடிக்கப்பட வேண்டியதா. இடிப்பதற்கு ‘டி’. அந்த ஓர் எழுத்து போட்ட பிறகு சுவர் நின்றுகொண்டுதான் இருக்கிறது. ஆனால் வரைபடத்துக்குள் அதன் வாழ்க்கை முடிந்துவிட்டது.

நமக்கு இது புதுசு அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். கம்ப்யூட்டர் வருவதற்கு நூறு வருஷம் முன்பே நம் கிராமக் கணக்குகளில் இந்த வேலை நடந்திருக்கிறது. நஞ்சை, புஞ்சை, புறம்போக்கு. ஒரே ஊரில் மனிதர்கள் குடியிருக்கிற நிலத்தை ஊர் நத்தம், சேரி நத்தம் என்று இரண்டாக எழுதினார்கள். அந்தப் பிரிவினையைப் பதிவேடு உண்டாக்கவில்லை. ஏற்கெனவே இருந்ததைப் பத்தி போட்டு இறுக்கியது. 1892-இல் ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலங்கள் எந்தப் பத்தியிலிருந்து எந்தப் பத்திக்கு எப்படி நழுவின என்பதுதான் காரணைப் போராட்டத்தின் கேள்வி. அந்தப் போராட்டத்தையொட்டி 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் இருவர் செத்தார்கள். பதிவேட்டின் ஒரு பத்திக்காக மனிதர்கள் சாகிற ஊரில் இருந்துகொண்டு, லேயர் என்பது வெறும் வசதி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

6

1997. நகரத்துக்குள் ஓடுகிற ஒரு கால்வாயின் கரையைப் பலப்படுத்தி ரோடு போடுகிற திட்டம். எங்கள் அலுவலகத்துக்கு வரைபட வேலை. எந்தக் கால்வாய், எந்த அலுவலகம் என்பது இங்கே தேவையில்லை. சர்வேயர் ஃப்ளாப்பியில் கோப்பு கொடுத்தார். நல்ல சர்வேயர். மரம் ஒரு லேயர், மின்கம்பம் ஒரு லேயர், கைப்பம்பு ஒரு லேயர், ‘ஹட்’ என்று ஒரு லேயர். ஹட் லேயரில் நூற்றுக்கும் மேற்பட்ட சின்னச் சின்னப் பெட்டிகள், கரையோரமாக, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு.

எங்கள் எஞ்சினியர் திரையைப் பார்த்தார். கெட்டவர் இல்லை, என் தங்கை கல்யாணத்துக்குப் பணம் கொடுத்தவர். “இது ஷீட்டுல வர வேணாம்பா. அவங்க கேட்டது புறம்போக்குல இருக்கிற மரம், கம்பம் மட்டும்தான். ஆனா நமக்குத் தெரியணும், ரோடு அலைன்மென்ட் பார்க்கணும்ல” என்றார்.

“ஃப்ரீஸ் பண்ணிடவா சார்?”

“ஃப்ரீஸ் பண்ணா நமக்கும் தெரியாதே. டெஃப்பாயிண்ட்ஸ்ல போட்டுடு.”

போட்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மையைச் சுரண்டியிருந்தால் ஒரு நாள் பிடித்திருக்கும். நூறு வீட்டைப் பிளேடால் சுரண்டும்போது கையாவது வலித்திருக்கும். தாளில் நூறு தழும்பாவது இருந்திருக்கும். டெஃப்பாயிண்ட்ஸுக்குத் தழும்பு கிடையாது. பிளாட்டரில் டிரேசிங் எடுத்து, அதிலிருந்து அமோனியா பிரிண்ட் போட்டு, மடித்து, அறிக்கையோடு போயிற்று. ஒவ்வொரு மரமும் வட்டமாக, எண் போட்டு, அழகாக இருந்தது.

ஐந்தாறு மாதம் கழித்து, மத்தியான நேரம், கரையிலிருந்து நாலைந்து பேர் வந்தார்கள். எப்படியோ ஒரு பிரிண்டைப் பிடித்திருந்தார்கள், மூலையில் எங்கள் அலுவலகத்தின் பெயர் இருந்ததால் தேடி வந்துவிட்டார்கள். எஞ்சினியர் இல்லை. முன்னால் இருந்த அம்மாவுக்கு அறுபது வயசு இருக்கும். பிரிண்டை என் மேஜைமேல் விரித்து இரண்டு மரத்துக்கு நடுவே விரலை வைத்தார்.

“தம்பி, இது எங்க வேப்ப மரம். இது கோயில் அரச மரம். நடுவுல எங்க ஊடு. மரத்தயெல்லாம் போட்டுக்கீறீங்க, ஊடு எங்கப்பா?”

எனக்குப் பின்னால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், திரையில் அதே கோப்பு திறந்திருந்தது. அந்த வீடு திரையில் இருந்தது. நான் சொன்னது: “அது இந்த ஷீட்டுல வராதும்மா.”

“அப்ப எந்த ஷீட்டுல வரும்?”

நான் சொன்னது தொழில்நுட்ப ரீதியாகப் பொய் அல்ல. அதுதான் இத்தனை வருஷமாக உறுத்துகிறது. அந்த அம்மா கேட்டது ஒரு டிராஃப்ட்ஸ்மேன் கேட்க வேண்டிய கேள்வி. லேயர் என்கிற ஏற்பாட்டின் வாக்குறுதியே, ஒரு தாளில் இல்லாதது இன்னொரு தாளில் இருக்கும் என்பதுதானே? பிளம்பர் தாளில் இல்லாத ஒயர் எலெக்ட்ரீஷியன் தாளில் இருக்கும். குடிசைக்கு எந்தத் தாளும் இல்லை. அதற்கு ஒரு டிசிப்ளின் இல்லை, பொறுப்பாளர் இல்லை. அடுத்த வருஷம் அவர்களை நகரத்துக்கு வெளியே கொண்டுபோய் விட்டார்கள். அறிக்கையில் அந்த இடம் காலி என்று எழுதப்பட்டிருக்கவில்லை. அப்படி எழுத வேண்டிய அவசியமே இல்லை. படம் இணைக்கப்பட்டிருந்தது.

7

இப்போது லேயருக்கே வயசாகிவிட்டது. 2002-இல் ஆட்டோடெஸ்க் வாங்கிய ரெவிட் போன்ற நிரல்களில் லேயர் என்பதே இல்லை. சுவர் சுவராகவே வகைப்பட்டுக் கோப்புக்குள் நுழைகிறது. எந்தக் கட்டத்தில் கட்டப்பட்டது, எந்தக் கட்டத்தில் இடிக்கப்படும் என்கிற தகவலோடேயே பிறக்கிறது. அதைப் பற்றி எழுத அந்தத் தலைமுறைப் பிள்ளைகள் வரட்டும். நிலம் அளக்கிற கோப்புகளில் லேயர்தான் இன்னும் ஆட்சி செய்கிறது.

வெளியேற்ற வழக்குகளில் வேலை செய்கிற தோழர்கள் சிலர் வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவதுண்டு. அவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். தாளை வைத்துக்கொண்டு எதுவும் பேசாதீர்கள். 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் மின்னணு வடிவில் தகவல் பெறும் உரிமையும் இருக்கிறது. கோப்பாகக் கேளுங்கள். முடிந்த படத்தை மட்டும் அல்ல, சர்வேயர் ஒப்படைத்த மூலக் கோப்பையும் கேளுங்கள். பி.டி.எஃப். கொடுத்தால் அதிலும் சில சமயம் லேயர்கள் அப்படியே இருக்கும், ஆனால் பெரும்பாலும் தட்டையாக்கித்தான் கொடுப்பார்கள். மூலக் கோப்பு வந்துவிட்டால் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் லேயர் பட்டியலைத் திறந்து பாருங்கள். எது அணைந்திருக்கிறது, எது உறைந்திருக்கிறது, எதற்கு அச்சு மறுக்கப்பட்டிருக்கிறது. காகிதத்தின் மௌனத்தைச் சந்தேகப்படத்தான் முடியும். கோப்பில் அது பட்டியலாகவே எழுதிக் கிடக்கிறது.

அந்த 1997 கோப்பு என்னிடம் இருக்கிறது. வேலையை விடும்போது ஒரு ஃப்ளாப்பியில் எடுத்துக்கொண்டேன், அப்புறம் சி.டி.க்கு மாற்றினேன், அப்புறம் கம்ப்யூட்டருக்கு. ஒப்பந்தப்படி எடுத்திருக்கக் கூடாது. போன மாதம் திறந்தேன். பழைய கோப்பு இன்றைய பதிப்பிலும் சிரமமில்லாமல் திறந்துகொண்டது. ரீஜென் அடித்தேன். டீ குடிக்கப் போக அவசியம் இல்லாமல் கண்ணிமைக்கும் நேரத்தில் எல்லாம் வந்து நின்றது. கால்வாய், மரங்கள், கரையோரப் பெட்டிகள்.

டெஃப்பாயிண்ட்ஸுக்கு நேரே உள்ள பிரிண்டர் குறிமேல் இன்றைக்கும் தடை போட்டிருக்கிறது. எத்தனை முறை தட்டினாலும் மாறாது, அந்த லேயரின் பிறவிக் குணம் அது. அச்சில் வர வேண்டுமென்றால் பெட்டிகளை வேறு லேயருக்கு மாற்ற வேண்டும். வேறு லேயர் என்றால் அதற்கு ஒரு பெயர் வேண்டும். வழிகாட்டியின் எழுத்துகளை ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன். ஏற்கெனவே இருப்பது என்று போடுவதா? இப்போது இல்லையே. இடிக்கப்பட வேண்டியது என்றா? தற்காலிகம் என்றா? சர்வேயர் வைத்த ‘ஹட்’ நியாயமான பெயர்தான், ஆனால் அதுவும் அளக்க வந்தவர் வைத்த பெயர். கடைசியில் தமிழிலேயே அடித்தேன். ‘ஊடு’. இன்றைய பதிப்பு அதை ஏற்றுக்கொள்கிறது.

ஏ1 தாளில் ஒரு பிரதி எடுத்தேன். வேப்ப மரத்துக்கும் அரச மரத்துக்கும் நடுவே மூன்று பெட்டிகள் இருக்கின்றன. எது அந்த அம்மாவுடையது என்று சர்வேயர் குறித்திருக்கவில்லை.